ஏற்புக்கு என்ன விலை? – ‘ஷின்ஜுகு பாய்ஸ்’ ஆவணப்படத்தை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். திரையிட்ட காட்சிகளுக்கான இடைக்குறிப்புகளும் கேள்வி நேர உரையாடலும் நீக்கப்பட்டுள்ளன.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆவணப்படம். 53 நிமிடம்தான் ஓடும். 1995இல் வெளிவந்தது. பெயர் ‘ஷின்ஜுகு பாய்ஸ்’. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ‘நியூ மரிலின்’ என்று ஓர் இரவு விடுதி இருந்தது. அங்கே வேலை பார்த்த கைஷ், தாட்சு, கசுகி என்ற மூவரைப் பற்றிய படம் இது. மூவரும் பிறந்தபோது பெண் என்று பதிவானவர்கள்; ஆணாக வாழ்கிறவர்கள். தமிழில் இன்று திருநம்பி என்கிறோம். அன்று அவர்கள் தங்களை ‘ஒனாபே’ என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த விடுதியில் விருந்தோம்பும் வேலையில் இருந்த எல்லோரும் இப்படிப்பட்டவர்களே. வந்து உட்கார்ந்து செலவு செய்துவிட்டுப் போன வாடிக்கையாளர்களோ ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

படத்தை இயக்கியவர்கள் இருவர்: கிம் லாங்கினாட்டோ, ஜேனோ வில்லியம்ஸ். இவர்களில் லாங்கினாட்டோவை இந்த அவைக்கு அறிமுகம் செய்வது சுலபம். கவிஞர் சல்மாவைப் பற்றி 2013இல் வெளிவந்த ‘சல்மா’ ஆவணப்படம் அவர் எடுத்ததுதான். துவரங்குறிச்சியில் பருவமெய்திய நாள்தொட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டு, கிடைத்த காகிதத்தில் ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதிய ஒரு பெண்ணைத் தேடி வந்தவர், அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஷின்ஜுகுவில் கேமராவோடு நின்றிருந்தார். இரண்டு படங்களுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான். ‘இதுதான் உன் இடம்’ என்று ஊர் ஒருவருக்கு ஒதுக்கிய இடத்தில், அந்த மனிதர் எப்படி மூச்சு விடுகிறார்?

‘ஷின்ஜுகு பாய்ஸ்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அதைப் பாலியல் பற்றிய படம் என்று வகைப்படுத்துவார்கள். படம் வந்த காலத்தில் விநியோகக் குறிப்புகளும் அப்படித்தான் இருந்தன. பெண்களின் பாலியல் எவ்வளவு சிக்கலானது என்று காட்டும் படம் என்றே அதை விற்றார்கள். நான் இதைப் பிழைப்பு பற்றிய படமாகப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். என் வாதம் இதுதான்: ஒருவர் ‘நான் ஆண்’ என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள ஜப்பானியச் சமூகம் காலத்துக்குக் காலம் ஒரு விலை வைத்தது. 1995இல் கேட்ட விலை, அவருடைய பகல். 2004 முதல் கேட்ட விலை, அவருடைய உடல். முதல் விலை எப்படி வசூலானது என்பதற்கு இந்தப் படத்தைவிட நேர்மையான சாட்சியம் என் அறிவுக்கு எட்டியவரை வேறில்லை. இரண்டாவது விலையின் கதையைச் சட்டப் புத்தகங்களில்தான் தேட வேண்டும். அதையும் சேர்த்தே பேசப் போகிறேன்.

1. பகல் ஏன் மூடியிருந்தது

கைஷோ தாட்சுவோ கசுகியோ ஏன் ஓர் அலுவலகத்துக்கோ கடைக்கோ தொழிற்சாலைக்கோ வேலைக்குப் போகவில்லை? ஜப்பானியப் பார்வையாளருக்கு இந்தக் கேள்வி எழாது. நமக்கு எழும், எழவும் வேண்டும்.

ஜப்பானில் ஒருவர் யார் என்பதற்கு அடிப்படை ஆவணம் ‘கோசெகி’ எனப்படும் குடும்பப் பதிவேடு. குடும்பத்துக்கு ஒரு பதிவு. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். அந்த இடம் எழுதப்படும் முறையைக் கவனியுங்கள். மூத்த மகன், இரண்டாம் மகன், மூத்த மகள் என்று பெற்றோருக்கு அவர் என்ன உறவோ அந்த உறவாகவே எழுதப்படுகிறது. ஆகவே ‘நான் பெண் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அது அவரோடு முடிந்துவிடுவதில்லை. ‘நான் உங்கள் மூத்த மகள் இல்லை’ என்று தாய் தகப்பனிடம் சொன்னதாகிறது. ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன சொல், வம்ச வரிசையையே திருத்தக் கேட்கும் மனுவாக மாறிவிடுகிறது.

இது பதிவேட்டின் கதை. வேலை தேடிப் போனால் அடுத்த தாள் காத்திருந்தது. ‘ரிரெகிஷோ’ என்ற தன்விவரப் படிவம் அன்று எழுதுபொருள் கடைகளில் அச்சிட்டே விற்கப்பட்டது. மேலே புகைப்படம் ஒட்ட ஒரு கட்டம், அருகிலேயே ஆணா பெண்ணா என்று வட்டமிட ஓர் இடம். புகைப்படத்தில் தலைமுடியை ஒட்ட வெட்டி டை கட்டிய இளைஞர். பக்கத்தில் ‘பெண்’ என்று வட்டம். நேர்காணல் அறைக்குள் நுழையும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தப் படிவத்தின் மாதிரியை ஜப்பானியத் தரநிர்ணயச் சங்கம் விலக்கிக்கொண்டது 2020இல். பாலினத்தை விரும்பினால் எழுதலாம் என்ற புதிய மாதிரியை அந்நாட்டுத் தொழிலாளர் நல அமைச்சகம் வெளியிட்டது 2021இல். கைஷ் விடுதியில் வேலை பார்த்த காலத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு!

இன்னொன்றும் உண்டு. வேலைவாய்ப்பில் ஆண் பெண் சமத்துவத்துக்கான சட்டம் ஜப்பானில் 1985இல் நிறைவேறியது. ஆனால் ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டாமலிருக்க ‘முயல வேண்டும்’ என்ற அளவில்தான் அது முதலாளிகளிடம் கேட்டது. அது கட்டாயத் தடையாக மாறி நடைமுறைக்கு வந்தது 1999 ஏப்ரலில். ஆகவே படம் எடுத்த காலத்தில் ஆண்களுக்கான வேலை, பெண்களுக்கான வேலை என்று விளம்பரங்களே பிரிந்திருந்தன. பெண் என்று பதிவானவருக்கு நிறுவனங்கள் வைத்திருந்த இடத்தில் பெரும்பாலும் சீருடைப் பாவாடையும் இருந்தது. பள்ளியில் பாவாடைச் சீருடையோடு போராடி வெளியே வந்தவருக்கு அலுவலகத்திலும் அதே பாவாடை.

எனவே இவர்கள் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். பகலின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட பிறகு திறந்திருந்த கதவு அது ஒன்றே.

2. விடுதியும் ஒரு வேலையிடம்தான்

ஷின்ஜுகுவின் இரவு வாழ்க்கைக்கு மையம் கபுகிச்சோ. 1945 வான்தாக்குதலில் எரிந்துபோன பகுதி. போருக்குப் பின் அங்கே ஒரு கபுகி நாடக அரங்கு கட்டத் திட்டமிட்டார்கள். அரங்கு வரவே இல்லை. வைத்த பெயர் மட்டும் 1948 முதல் நிலைத்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் அங்கே ‘ஹோஸ்ட் கிளப்’ என்ற தொழில் வேர்விட்டது. பெண்கள் காசு கொடுத்து வந்து உட்காருவார்கள். ஆண்கள் அவர்களுக்குத் துணையாக உட்கார்ந்து பேசுவார்கள். நியூ மரிலினும் அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றியது. அங்கே ஹோஸ்டுகள் எல்லோரும் ஒனாபே என்பதுதான் வித்தியாசம்.

அந்த வேலை என்ன வேலை என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டை விரித்துக் கையில் கொடுப்பது. அவர் பெயர் எழுதி விடுதியிலேயே வைத்திருக்கும் விஸ்கி பாட்டிலை எடுத்து, பனிக்கட்டி போட்டு, தண்ணீர் கலந்து, கிளறி, அவர் பக்கமாக நகர்த்துவது. கோப்பையின் வெளிப்புறம் வேர்க்க வேர்க்கத் துடைப்பது. சிகரெட்டை உதட்டில் வைக்கும் முன்பே லைட்டரைத் தயாராக வைத்திருப்பது. சென்ற முறை அவர் சொன்ன அலுவலகக் கவலையை நினைவில் வைத்திருந்து இந்த முறை தானே விசாரிப்பது. இவ்வளவையும், இது வேலை என்று தோன்றாதபடி செய்வது.

கூலி எப்படி? ஒரு வாடிக்கையாளர் இன்ன ஹோஸ்ட்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதை ‘ஷிமெய்’ என்பார்கள். அந்தக் கேட்புகளின் எண்ணிக்கையும், அவர் மேசையில் திறக்கும் பாட்டில்களின் தொகையும்தான் ஹோஸ்டின் வருமானம். அப்படியானால் விற்கப்படுவது மதுவா? மது ஒரு சாக்கு. விற்கப்படுவது கவனம். அதைப் பெண்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பது படத்தில் எழும் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று. விடுதிக்கு வரும் பெண்களில் பலர் ஆண்களை விரும்புகிறவர்களே. பிறப்பால் ஆணாக இருப்பவர்களிடம் ஏமாந்து சலித்தவர்கள். தான் சொல்வதை ஒருவர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இரவில் காசு கொடுத்தார்கள். அவர்களுடைய பகலும் அவ்வளவு நன்றாக இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த இடத்தில் படம் யாரையும் உத்தமராக்குவதில்லை. அதற்காகவே அதை நான் மதிக்கிறேன். கைஷ் விடுதியில் பெண்கள் மொய்க்கும் ஆள். பல பெண்களோடு பழகுகிறார், ஒருவரிடமும் நிலைப்பதில்லை. காதலிகளைப் பற்றி அவர் பேசும் தோரணையில் நமக்குப் பழக்கமான ஆண் திமிர் தெரிகிறது. அதே கைஷ், நெருக்கத்தின்போதும் தன் உடலைப் பிறர் பார்க்க அனுமதிப்பதில்லை என்று சொல்கிறார். பெண்களைச் சுலபமாகக் கைவிடும் அந்த அலட்சியத்தையும் இந்த அச்சத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். விடுதி அவருக்கு ஆண் என்ற பெயரைக் கொடுத்தது, கோட்டும் டையும் கொடுத்தது, கூலியும் கொடுத்தது. ஆனால் அந்தப் பெயர் மேசைக்கு மேசை, இரவுக்கு இரவு நிரூபிக்கப்பட வேண்டிய பெயர். வாடிக்கையாளர் கேட்காத நாளில் அது ஆட்டம் காணும்.

இது கல்லீரலைத் தின்னும் வேலை, தூக்கத்தைத் தின்னும் வேலை. வயது ஏற ஏறக் கூலி குறையும் வேலை. ஹோஸ்ட் கிளப்புகளில் வாடிக்கையாளர்களின் காதல் உணர்வைப் பயன்படுத்தி அவர்களைக் கடனில் தள்ளுவதைத் தடுக்க ஜப்பான் 2025இல் சட்டமே திருத்தியது. அன்பும் கூலியும் ஒரே மேசையில் பரிமாறப்படும்போது இரு பக்கமும் காயப்படும் என்பதை நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது.

3. வேடம் என்றால் கைதட்டல்

‘ஷின்ஜுகு பாய்ஸ்’ படத்துக்குச் சற்று முன்பு இதே இரு இயக்குநர்களும் ‘ட்ரீம் கேர்ள்ஸ்’ என்ற படத்தை எடுத்தார்கள். அது தகராசுகா நாடகக் குழுவைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

ரயில் நிறுவன அதிபர் இச்சிசோ கோபயாஷி 1913இல் தொடங்கிய குழு அது. 1914 முதல் மேடையேறுகிறது. நடிப்பவர்கள் எல்லோரும் மணமாகாத பெண்கள். ஆண் வேடம் கட்டுபவர்களுக்கு ‘ஒதோகோயாகு’ என்று பெயர். அவர்கள் முடியைக் குட்டையாக வெட்டி, குரலைத் தாழ்த்தி, நடையை மாற்றி ஆண்டுக்கணக்கில் பயில்கிறார்கள். பார்வையாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அரங்கு வாசலில் ரசிகைகள் வரிசை கட்டி நிற்பார்கள். அது நாடே பெருமைப்படும் கலை நிறுவனம்.

நியூ மரிலினுக்கு வந்த பெண்கள் தேடியதும், தகராசுகா அரங்கில் பெண்கள் தேடுவதும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை: மென்மையாகப் பேசும், காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆண். அப்படியிருக்க ஒன்றுக்குப் பெருமை, மற்றதற்கு மறைவு. ஏன்? தகராசுகாவில் ஆண்மைக்கு முடிவுத் தேதி உண்டு. ஒதோகோயாகு ஒருநாள் குழுவை விட்டு விலகுவார், பெண்ணாகத் திரும்புவார், விரும்பினால் மணம் முடிப்பார். திரும்பி வருவேன் என்ற உறுதி இருப்பதால் சமூகம் நிம்மதியாகக் கைதட்டுகிறது. கைஷ் கோட்டைக் கழற்றிவிட்டுப் பெண்ணாகத் திரும்ப மாட்டார். வேடத்துக்குக் கிடைத்த கைதட்டல் வாழ்க்கைக்குக் கிடைக்காது.

4. கேமரா வீட்டுக்குப் போகிறது

இரவு விடுதியைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் விடுதியோடு நின்றுவிடுவார்கள். வண்ண விளக்கும் புகையும் போதும் என்று நினைப்பார்கள். லாங்கினாட்டோவும் வில்லியம்ஸும் அந்த மூவரின் வீடுகளுக்குப் போகிறார்கள். லாங்கினாட்டோ தன் படங்களில் தானே கேமராவைக் கையாள்கிறவர். பெரிய படப்பிடிப்புக் குழு இல்லாததால் சின்ன அறைக்குள்ளும் அவரால் நுழைய முடிகிறது. நுழைந்த பிறகு அவசரப்படாமல் காத்திருக்கவும் முடிகிறது.

தாட்சு தன் காதலியோடு வாழ்கிறார். ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார். கைஷின் படபடப்பு அவரிடம் இல்லை. நிலைகொண்ட ஓர் இல்லறத்தின் பேச்சு அவருடையது. சிகிச்சை எந்தச் சூழலில் நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தச் சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிகளை ஜப்பானிய மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்டது 1997இல். படம் அதற்கு முந்தையது. அதாவது தாட்சு போன்றவர்கள் மருத்துவத்தின் ஓரத்தில், கேட்டறிந்த தகவலை நம்பி, தங்கள் உடலைத் தாங்களே பொறுப்பேற்றுக்கொண்டு வாழ்ந்தவர்கள்.

கசுகி, குமி என்பவரோடு வாழ்கிறார். குமி ஒரு திருநங்கை. இரவு மேடைகளில் ஆடும் கலைஞர். அந்த வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் எதையும் நிரூபிக்கக் கேட்பதில்லை. கணவன் மனைவி என்ற சொற்களுக்கு ஊர் வைத்திருக்கும் பொருள் அவர்கள் உறவுக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் களைத்து வருகிற ஒருவருக்கு மற்றவர் துணை என்ற அடிப்படைப் பொருள் பொருந்துகிறது. விடுதியில் கவனத்தை விற்றுவிட்டு வருகிறவருக்கு, விலையில்லாத கவனம் கிடைக்கும் ஓர் அறை அது.

படத்தில் கசுகி தொலைபேசியில் தன் தாயோடு பேசும் காட்சி ஒன்று உண்டு. இன்று அதை இங்கே திரையிட்டோம். ஆகவே விளக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடுதியில் எந்தப் பெண்ணிடமும் தயங்காமல் பேசக் கற்ற குரல் அது. அதே குரல் தாயிடம் பேசும்போது வேறாகிறது. கோசெகியின் ‘மகள்’ என்ற அந்த ஒரு சொல் அரசாங்க அலமாரியில் மட்டும் இல்லை என்பது அப்போது புரிகிறது.

5. பகலுக்கு வர உடலைக் கொடு

இனி படம் முடிந்த பிறகு நடந்தவை. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் வெளிவந்தபோது ஜப்பானில் பாலின மாற்று அறுவை சிகிச்சையை வெளிப்படையாகச் செய்யும் மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. அதற்கு ஒரு வழக்கு காரணம். 1964இல் ஒரு மகப்பேறு மருத்துவர் மூவருக்கு அத்தகைய அறுவை செய்தார். மறு ஆண்டு கைதானார். 1969இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ‘ப்ளூ பாய்’ வழக்கு என்று அதற்குப் பெயர். எந்தச் சட்டத்தை மீறினார்? 1948ஆம் ஆண்டின் ‘மேன்மையினப் பாதுகாப்புச் சட்டத்தை’. காரணமின்றி ஒருவரின் இனப்பெருக்க ஆற்றலை நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றினால் இத்தகைய சிகிச்சை சட்டத்துக்கு உட்படக்கூடும் என்ற வழி தீர்ப்பிலேயே இருந்தது. ஆனால் மருத்துவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை, கைதைத்தான் பார்த்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாரும் வெளிப்படையாகக் கத்தியைத் தொடவில்லை.

அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சட்டத்தின்படிதான் மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியோர் என்று ஏறத்தாழ 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் சுமார் 16,500 பேர் சம்மதிக்காமலே அறுக்கப்பட்டவர்கள். வேண்டும் என்று கேட்டவருக்குச் செய்தால் குற்றம். வேண்டாம் என்று கதறியவருக்குச் செய்தால் சட்டம். 1996வரை அது நடைமுறையில் இருந்தது. அது தொடக்கத்திலிருந்தே அரசமைப்புக்கு முரணானது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலை 3 அன்று.

1998 அக்டோபரில் சைத்தாமா மருத்துவப் பல்கலைக்கழகம், நெறிக்குழுவின் ஒப்புதலோடு, முதல் அறுவை சிகிச்சையைச் செய்தது. அந்த முதல் நோயாளி ஒரு திருநம்பி. பொதுமக்களின் மனம் அதற்குப் பிறகு மெல்ல இளகியது. 2001–2002இல் ஒளிபரப்பான ‘மூன்றாம் ஆண்டு பி பிரிவு, கின்பாச்சி ஆசிரியர்’ தொலைக்காட்சித் தொடரில், தன்னை ஆணாக உணரும் ஒரு மாணவரின் கதை வந்தது. நடித்தவர் அயா உயெதோ. நாடே அந்தப் பாத்திரத்துக்காக உருகியது. அந்தப் பரிவு இரவு விடுதியைப் பார்த்து வரவில்லை. பள்ளிச் சீருடையில், பகல் வகுப்பறையில், ஒரு பிள்ளையாகப் பார்த்தபோதுதான் வந்தது.

2003இல் பாலின மாற்றத்தைப் பதிவதற்கான சட்டம் நிறைவேறியது. 2004 ஜூலை 16 முதல் நடைமுறைக்கு வந்தது. குடும்பப் பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம். நல்ல செய்திதான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பயன்பெற்றிருக்கிறார்கள். ஆனால் நிபந்தனைகளைக் கேளுங்கள். இரண்டு மருத்துவர்கள் நோயறிதல் சான்று தர வேண்டும். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். பின்னாளில் அது பதினெட்டானது. மணமானவராக இருக்கக் கூடாது. குழந்தை இருக்கக் கூடாது. 2008இல் அதை ‘வயது வராத குழந்தை’ என்று தளர்த்தினார்கள். இனப்பெருக்கச் சுரப்பிகள் இருக்கக் கூடாது, அல்லது அவற்றின் செயல்பாடு நிரந்தரமாக நின்றிருக்க வேண்டும். பிறப்புறுப்பின் தோற்றம் மாறிய பாலினத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

சூலகத்தைக் கொடுத்தால் பதிவேட்டில் ‘மகன்’ என்று எழுதுவோம். பகலுக்கு வர அரசு கேட்ட விலை அது. அறுபது ஆண்டுகளுக்குள் ஒரே அறுவை குற்றமாக இருந்து, சிலருக்குத் திணிப்பாக இருந்து, கடைசியில் குடியுரிமைக்கு நுழைவுச் சீட்டாக மாறியது. மூன்று கட்டத்திலும் முடிவு செய்தவர் அந்த உடலுக்கு உரியவர் இல்லை.

அறுவை வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது பாதுகாப்பாக, கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. விரும்பாதவரையும், உடல்நலம் இடம்கொடாதவரையும், பணமில்லாதவரையும் கத்திக்குக் கீழே நிற்கவைத்து ஓர் அடையாளத்தைக் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

ஒகயாமா மாநிலத்தைச் சேர்ந்த டகாகிடோ உசுய் என்ற திருநம்பி இந்த அறுவை நிபந்தனையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. ஆனால் நீதிபதிகள் இருவர் தங்கள் ஐயத்தைத் தனியே பதிவு செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 25 அன்று, வேறொருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: இனப்பெருக்க ஆற்றலை இழக்க வேண்டும் என்ற நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது. உசுய் மீண்டும் மனுச் செய்தார். 2024 பிப்ரவரியில் குடும்ப நீதிமன்றம் அவரை ஆண் என்று பதிவு செய்ய அனுமதித்தது. ஹார்மோன் சிகிச்சையால் அவர் உடலில் ஏற்பட்ட மாற்றமே தோற்ற நிபந்தனைக்குப் போதும் என்று அந்த நீதிமன்றம் கருதியது.

இடையில் 2013 டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பையும் குறிப்பிட வேண்டும். சட்டப்படி ஆணாகப் பதிவு பெற்று மணம் முடித்த ஒரு திருநம்பியின் மனைவி, கொடையாளரின் விந்தணு மூலம் குழந்தை பெற்றார். பதிவாளர் ‘தந்தை’ என்ற இடத்தை வெற்றாக விட்டுவிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வெற்றிடத்தில் அவர் பெயரை எழுதச் சொன்னது.

வேலையிலும் அரசியலிலும்கூடப் பகலின் கதவு சற்றே திறந்திருக்கிறது. 2017இல் சைத்தாமா மாநிலத்தின் இருமா நகர மன்றத்துக்கு டொமோயா ஹொசோடா தேர்ந்தெடுக்கப்பட்டார். தான் திருநம்பி என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற முதல் ஜப்பானியர் அவர். பெண்கள் வாள்வீச்சில் தேசிய அணியில் இருந்த ஃபுமினோ சுகியாமா, பின்னர் தன்னை ஆணாக அறிவித்துக்கொண்டு, 2021இல் ஜப்பான் ஒலிம்பிக் குழுவின் நிர்வாகிகளில் ஒருவரானார்.

6. நம் பக்கத்துக்கு

ஜப்பானைப் பற்றிப் பேசிவிட்டு ‘நாம் எவ்வளவோ மேல்’ என்று எழுந்துபோக நமக்கு உரிமை இல்லை. 2008இல் தமிழ்நாடு திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது; அது முன்னோடி முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் ‘திருநங்கை’ என்ற சொல் வீடுவரை போய்ச் சேர்ந்த அளவுக்கு ‘திருநம்பி’ போய்ச் சேரவில்லை. மகளாகப் பிறந்தவர் வீட்டைவிட்டு வெளியேறுவதே கடினமான ஊர்களில், திருநம்பிகள் கண்ணில் படாமலே வாழ்கிறார்கள். 2014இல் நமது உச்ச நீதிமன்றம், பாலினத்தை அறிவிக்க அறுவை சிகிச்சையை வற்புறுத்துவது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது என்று தெளிவாகச் சொன்னது. ஐந்து ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆண் என்றோ பெண் என்றோ சான்றிதழ் பெற மருத்துவச் சான்று கேட்கும் பிரிவு ஒன்று இடம்பெற்றது. நீதிமன்றம் தள்ளுபடி செய்த விலையைச் சட்டம் மறுபடி எழுதியது.

சட்ட மாணவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இரு நாட்டுத் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆய்வுக்கு உகந்த தலைப்பு. திரைப்படம் பயிலும் மாணவர்கள் ‘ட்ரீம் கேர்ள்ஸ்’, ‘ஷின்ஜுகு பாய்ஸ்’, ‘சல்மா’ மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள்.

கல்லூரி நிர்வாகத்தாரிடமும் இங்கே வந்திருக்கும் நிறுவனத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். திருநம்பிகளையும் திருநங்கைகளையும் கருத்தரங்குக்கு அழைத்து, வாழ்க்கைக் கதையைச் சொல்லவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். அதுவும் நாம் கேட்டு வாங்கும் கதைதான். அதற்கும் அவர்கள் ஒரு விலை கொடுக்கிறார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் நூலகத்தில், ஆய்வகத்தில், கணக்குப் பிரிவில், வகுப்பறையில் அடுத்த முறை ஓர் இடம் காலியாகும்போது விளம்பரத்தில் அவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். விண்ணப்பத்தில் பாலினக் கட்டம் அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வேலைக்கு வந்தவரிடம் உடலைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். மாதச் சம்பளம் கொடுங்கள்.